சாரத்தின் மேல் நள்ளிரவு: வெளிச்சத்துக்குக் கையெழுத்துப் போடுவது யார்?

பன்னிரண்டாவது மாடியில் கான்கிரீட் போட்டு முடித்த தளம். அதில் ஒரு கருப்புச் சதுரம், இரண்டடிக்கு இரண்டடி. பிளம்பிங் குழாய் இறங்குவதற்காக விட்ட டக்ட் அது. பகலில் யாருக்கும் சந்தேகம் வராது. எட்டிப் பார்த்தால் பதினோராவது மாடி தெரியும். இரவில் தளத்தின் ஒரு மூலையில் ஒற்றை ஃபோகஸ் லைட் எரிகிறது. அந்த வெளிச்சத்தில் அதே அளவில் இன்னும் நான்கைந்து கருப்புச் சதுரங்கள் முளைக்கின்றன. அடுக்கி வைத்த பிளைவுட்டின் நிழல் ஒன்று, தண்ணீர் டிரம்மின் நிழல் ஒன்று, ஜாக்கிக் கட்டின் நிழல் ஒன்று. தோளில் கம்பியைச் சுமந்து வருகிறவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே கருப்பு. நிழல்களை மிதித்து மிதித்துப் பழகிய கால்தான் டக்டின் மேலும் போய் விழுகிறது.

மறுநாள் செய்தித்தாளில் நான்கு வரி வரும். இறந்தவரின் வயது இருக்கும், ஊர் இருக்கும், எத்தனையாவது மாடி என்பது இருக்கும், போலீஸ் விசாரணை என்று முடியும். அந்த இடத்தில் எத்தனை விளக்கு எரிந்தது, எந்தத் திசையிலிருந்து எரிந்தது என்பது இருக்காது. ஹெல்மெட் போட்டிருந்தாரா, பெல்ட் மாட்டியிருந்தாரா என்று இறந்தவரைப் பற்றிய கேள்விகளே முதலில் வருகின்றன. கண் தெரிந்ததா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ஒழுங்காக நடக்கும் பெரிய சைட் எதிலும் டவர் கிரேனுக்குச் சோதனைச் சான்றிதழ் உண்டு. சாரத்தைப் பரிசோதித்துப் பச்சை அட்டையோ சிவப்பு அட்டையோ மாட்டுவார்கள். அதில் தேதியும் கையெழுத்தும் இருக்கும். வெல்டிங் செய்யத் தனி அனுமதிச் சீட்டு, உயரத்தில் ஏறத் தனி அனுமதிச் சீட்டு. வெளிச்சத்துக்கு மட்டும் அப்படி ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவது அபூர்வம். எலக்ட்ரீஷியன் எங்கே வயர் எட்டுகிறதோ அங்கே விளக்கைக் கட்டிவிட்டுப் போகிறார். விளக்கு எரிகிறதா என்று கீழேயிருந்து ஒருவர் அண்ணாந்து பார்க்கிறார். அத்தோடு வெளிச்சம் என்ற விஷயம் முடிந்துவிடுகிறது. உயரத்தில் செய்யும் இரவு வேலையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஏன் இரவில்?

முதலாளியின் அவசரம் ஒரு காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. சென்னை நகருக்குள் பரபரப்பான நேரங்களில் கனரக வாகனங்களுக்குத் தடை. ரெடிமிக்ஸ் லாரி ஆலையில் கலவை ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்ட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. டிராஃபிக்கில் மாட்டினால் சரக்கு வீண். பெரிய கட்டடத்தின் ராஃப்ட் அடித்தளத்தைப் பாதியில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் பழைய கலவைக்கும் புதிய கலவைக்கும் இடையே ஒட்டாத கோடு விழும். ஆரம்பித்தால் ஒரு பகல், ஓர் இரவு, சில சமயம் இரண்டு இரவு தொடர்ந்து ஓட வேண்டியதுதான். வெயில் இன்னொரு காரணம். கொட்டும் நேரத்தில் கலவையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பார்கள். சித்திரை வைகாசியில் பகலில் அதைக் காப்பது சுலபமில்லை.

மெட்ரோ கதை வேறு. சென்னையில் நடக்கும் இரண்டாம் கட்டம் 100 கிலோமீட்டருக்கும் மேல். அதன் உயர்மட்டப் பாதை, வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும் சாலைகளின் தலைக்கு மேலே போகிறது. கர்டர் என்ற பெரிய உத்திரத்தைத் தூக்குவதென்றால் ஊர் அடங்கிய பிறகுதான். ரயில் பாதையைக் கடந்து பாலம் கட்டுகிறவர்களுக்கு ரயில்வே கொடுக்கும் சில மணி நேர இடைவெளியும் பெரும்பாலும் இரவில்தான் கிடைக்கும். ஆக, மிகக் கனமான பாரம், மிக உயரமான இடம், மிகக் குறைவான வெளிச்சம் மூன்றும் ஒரே நேரத்தில் சேருகின்றன.

2023 ஜூலை 31 நள்ளிரவை ஒட்டி, மகாராஷ்டிரத்தின் ஷாகாபூர் அருகே சம்ருத்தி விரைவுச் சாலைப் பாலத்தில் கர்டர் தூக்கும் ராட்சத இயந்திரம் சரிந்து 20 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் உண்டு. 2025 ஜூன் 12 இரவு சென்னை மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் மெட்ரோவின் இரண்டு கர்டர்கள் விழுந்து, கீழே பைக்கில் போனவர் இறந்தார். இந்த இரண்டுக்கும் வெளிச்சக் குறைவு காரணம் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் கனமான பாரம் நகர்வது எந்த நேரத்தில் என்பதை இவை காட்டுகின்றன. ஒரு ஜாக் கொஞ்சம் விலகியிருக்கிறது, ஒரு போல்ட் முழுவதும் உட்காரவில்லை, ஒரு தாங்குகட்டை லேசாகச் சாய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் மனிதக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கண்ணுக்கு நாம் என்ன கொடுத்திருக்கிறோம்?

கண் எப்படி ஏமாறுகிறது

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். உச்சி வெயிலில் தரையில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். நல்ல அலுவலகத்தில் மேஜை மேல் 300 முதல் 500. பௌர்ணமி நிலவு தருவது ஒரு லக்ஸுக்கும் கீழே. இவ்வளவு பெரிய வித்தியாசத்தையும் ஒரே கண் சமாளிக்கிறது என்பது அதிசயம்தான். ஆனால் சமாளிக்க நேரம் வேண்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் முதல் பத்து நிமிடத்தில் ஓரளவு தெரியும். முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். பளிச்சென்று எரியும் சைட் ஆபீஸில் வருகைப் பதிவேட்டில் ரேகை வைத்துவிட்டு, லிஃப்டில் ஏறி, ஐந்தாவது நிமிடத்தில் தள ஓரத்தில் நிற்கிறவர் பாதிக் குருடராகத்தான் நிற்கிறார். அது அவருக்கே தெரியாது.

வயதும் சேர்ந்துகொள்ளும். இருபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் என்பது கண் மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அனுபவம் மிக்க மேஸ்திரிதான் இரவில் குறைவாகப் பார்க்கிறவர் என்ற சங்கடத்தைச் சைட்டில் யாரும் பேசுவதில்லை. அவரும் சொல்லமாட்டார், சொன்னால் நைட் ஷிஃப்ட் போய்விடும், அதற்கான கூடுதல் கூலியும் போய்விடும்.

மங்கலில் முதலில் போவது நிறம். அடுத்து, ஆழத்தைக் கணிக்கும் திறன். கட்டுமான இடத்தில் பொருள்கள் எல்லாம் ஏற்கெனவே ஒரே நிறம்: கான்கிரீட் சாம்பல், சாரக் குழாய் சாம்பல், காலணி சிமென்ட் படிந்து சாம்பல். சாம்பல் பலகை முடிந்து சாம்பல் வெட்டவெளி தொடங்கும் கோடு எங்கே என்று மூளைக்குப் புரியாது. தளத்தின் ஓரக் கம்பிக்கு மஞ்சள் பூசி, ஒளிரும் பட்டை சுற்றினால் பாதிப் பிரச்சினை குறையும். ஒரு வாளி பெயின்ட் செலவுதான். ஆனால் பகலில் வரும் அதிகாரி கண்ணுக்கு ஓரம் நன்றாகத் தெரிகிறதே, அதனால் பூச மாட்டார்கள்.

இதோடு உடம்பின் கடிகாரம். விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் மனித உடம்பின் விழிப்பு அதலபாதாளத்துக்குப் போகும். எந்த டீயும் அதை முழுசாக ஈடுகட்டாது. பிரிட்டன் போல ஆய்வும் தண்டனையும் கறாராக இருக்கும் நாட்டிலேயே 2023-24-ல் வேலையிடத்தில் இறந்த 138 பேரில் 50 பேர் உயரத்திலிருந்து விழுந்தவர்கள். பகலையும் இரவையும் சேர்த்த கணக்கு இது. விழுவது எப்போதுமே ஒரு கணத்தில் நடக்கிறது. அந்தக் கணத்தில் கண் எவ்வளவு உதவியது என்பதுதான் கேள்வி.

தரையில் நிற்கும் விளக்கு

நம் சைட்டுகளில் அடிக்கடி காணும் ஏற்பாடு இது: கேட் அருகே தரையில் ஒரு லைட்டிங் டவர். நாலு பெரிய விளக்கு, டீசல் ஜெனரேட்டர், உயரம் ஒன்பது பத்து மீட்டர். கட்டடம் தரையோடு இருந்தபோது அது அருமையாக வேலை செய்தது. பிறகு கட்டடம் ஏறத் தொடங்கியது. அலுமினிய ஃபார்ம்வொர்க் போட்டால் ஏழு முதல் பத்து நாளில் ஒரு தளம் எழும்பிவிடும். விளக்கு அங்கேயே நின்றது.

ஒளியின் கணக்கு கொடூரமானது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகும். 10 மீட்டரில் 200 லக்ஸ் கொடுக்கும் விளக்கு, 20 மீட்டரில் 50, 40 மீட்டரில் பன்னிரண்டு சொச்சம். பன்னிரண்டாவது மாடி என்பது ஏறக்குறைய 36 மீட்டர். அதைவிட மோசம், கீழேயிருந்து வரும் ஒளி தளத்தின் மேற்பரப்பைத் தொடுவதே இல்லை. சுவரின் வெளிப்பக்கத்திலும் தளத்தின் அடிப்பக்கத்திலும் படுகிறது. தள ஓரத்தில் நின்று கீழே பார்க்கிறவரின் கண்ணுக்குள் நேராகப் பாய்கிறது. அவர் திரும்பித் தன் காலடியைப் பார்க்கும்போது, கண்ணில் மிதக்கும் பச்சைப் புள்ளிதான் தெரியும், பலகை தெரியாது. அந்த டவரை எரியவிடுவதைவிட அணைத்துவிடுவதே மேல் என்று சொல்லத் தோன்றும் இடங்கள் உண்டு.

விளக்கு கட்டடத்தோடு ஏற வேண்டும். தளம் ஏறும் ஒவ்வொரு முறையும் சென்ட்ரிங் ஏறுவதைப் போல, பம்ப் குழாய் ஏறுவதைப் போல விளக்கும் ஏற வேண்டும் என்று வேலைத் திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும். தளத்தின் மூலைகளில் கழற்றி மாட்டும் கம்பங்கள், லிஃப்ட் சுவரின் உச்சி, டவர் கிரேனின் நடுக்கம்பம் ஆகியவை நல்ல இடங்கள். குறைந்தது இரண்டு எதிரெதிர்த் திசையிலிருந்து ஒளி வந்தால் ஒரு விளக்கின் நிழலை இன்னொரு விளக்கு அழிக்கும். முதலில் சொன்ன கருப்புச் சதுரங்களில் டிரம்மின் நிழலும் பிளைவுட்டின் நிழலும் கரைந்துபோய், உண்மையான ஓட்டை மட்டும் கருப்பாக மிஞ்சும். அந்த டக்டைப் பலகை அடித்து மூடியிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். அதுதான் முதல் கடமை. ஆனால் மூடியைச் சற்று நேரம் எடுத்தவர் திரும்ப வைக்காமல் போவது தினமும் நடக்கிறது.

கிரேனின் நீண்ட கைக்கு அடியில் விளக்குகளைக் கட்டும் வழக்கமும் இருக்கிறது. மேலிருந்து வரும் ஒளி, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கிரேன் சுற்றும்போதுதான் அதன் குணம் தெரியும். கை நகர நகர, தளத்தில் உள்ள அத்தனை நிழலும் ஒன்றாக நகரும். சாரப் பலகையில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்கிறவருக்குத் தரையே வழுக்கிக்கொண்டு போவது போல இருக்கும். சுற்றாத நடுக்கம்பத்தில் விளக்கைக் கட்டுங்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

கிரேன் ஆபரேட்டரையும் நினைக்க வேண்டும். அவர் எல்லோருக்கும் மேலே உட்கார்ந்து கீழே பார்க்கிறவர். மேல்நோக்கித் திருப்பிய ஒரு விளக்கு போதும், அவருக்குக் கொக்கி தெரியாமல் போக. கீழே நின்று கை காட்டும் சிக்னல்மேனின் முதுகுப்பக்கம் விளக்கு இருந்தால், ஆபரேட்டருக்கு ஒரு கருப்பு உருவம் மட்டும் தெரியும். விரல் ஏற்று என்கிறதா, நிறுத்து என்கிறதா என்பது தெரியாது. சிக்னல்மேனின் முன்பக்கம் ஒளி படவேண்டும், வாக்கிடாக்கி கையில் இருக்கவேண்டும். எந்த விளக்கையும் அது நிற்கும் கம்பத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் குறிவைக்காதே என்பது இந்த வேலை தெரிந்தவர்களின் எளிய கணக்கு. அதற்கு மேல் போனால் ஒளி படுக்கையாக வந்து கண்ணில் அடிக்கும்.

அளப்பதிலும் ஒரு சூது உண்டு. லக்ஸ் மீட்டரைத் தரையில் படுக்கவைத்தால் 60 காட்டும். ஆனால் கம்பி கட்டுகிறவர் பார்ப்பது தரையை இல்லை. நிற்கும் தூணின் பக்கவாட்டை. வளைந்த கட்டுக்கம்பியை இரண்டு கம்பிக்கு நடுவே நுழைத்து, கொக்கியால் முறுக்கி, முனையை உள்ளே மடக்க வேண்டும். விரலுக்கும் முனைக்கும் இடையே ஒரு நூல் இடைவெளி. அந்தத் தூணின் மறுபக்கத்தில் மீட்டரை நிமிர்த்திப் பிடித்தால் ஐந்துகூடக் காட்டாது. தெரியவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? உடம்பை வெளியே நீட்டி எட்டிப் பார்ப்பார். தெரியாத கண் உடம்பை ஓரத்துக்கு இழுத்துப் போகும்.

அதனால் ஹெல்மெட்டில் மாட்டும் சின்ன விளக்கு நல்லதுதான். பார்க்கும் இடத்தில் ஒளி விழும். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. அது ஒரு வட்டத்தை மட்டும் காட்டி மீதி உலகத்தை மறைக்கும். எதிரே வருகிறவர் பேசத் திரும்பினால் அவர் கண்ணை அவிக்கும்.

கரண்ட் போனால்

பழைய மெட்டல் ஹாலைட் விளக்கு இன்னும் எத்தனையோ சைட்டில் தொங்குகிறது. நல்ல வெள்ளை ஒளி, மலிவான விலை. அதன் குறையை ஒரு முறை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள். மின்சாரம் ஒரு நொடி தடுமாறினால் போதும், விளக்கு அணையும். மின்சாரம் உடனே திரும்பினாலும் விளக்கு திரும்பாது. உள்ளே இருக்கும் குழாய் குளிர்ந்த பிறகுதான் மறுபடி பற்றும். பத்து நிமிடம், சில சமயம் பதினைந்து. ஜெனரேட்டர் பத்தே நொடியில் ஓடத் தொடங்கினாலும் மேலே இருப்பவர்களுக்குப் பத்து நிமிட முழு இருட்டு. வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு அந்த இருட்டு இன்னும் கெட்டி. ஒரு கொக்கியைக் கழற்றி இன்னொரு கொக்கியை மாட்டும் நடுவில் ஒருவர் நின்றுகொண்டிருக்கலாம்.

எல்.இ.டி. விளக்கு உடனே எரியும். ஆனால் மாற்றினால் மட்டும் போதாது. படிக்கட்டிலும் இறங்கும் வழியிலும் பேட்டரியில் எரியும் விளக்குகள் தனியாக வேண்டும். அதைவிட முக்கியம் ஒரு பழக்கம்: விளக்கு அணைந்தால் அசையாதே, கொக்கி மாட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார், சத்தம் கொடு. இதை இரவு வேலை தொடங்கும் முன் தினமும் சொல்ல வேண்டும். தமிழில் மட்டும் சொன்னால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. சென்னையின் சாரங்களில் நிற்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தவர்கள். இந்தியில், வங்காளத்தில், ஒடியாவில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். விளக்கை நிஜமாகவே அரை நிமிடம் அணைத்துக் காட்டினால் மொழியே தேவைப்படாது.

ஐப்பசி கார்த்திகை வந்தால் வேறு தொல்லைகள். ஈரச் சாரக் குழாயில் சுற்றிப் போன வயர், டேப் ஒட்டிய ஒட்டு, தண்ணீரில் கிடக்கும் பிளக். சாரம் முழுக்க இரும்பு. ஓரிடத்தில் கசிந்தால் மொத்தச் சாரத்திலும் மின்சாரம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் இ.எல்.சி.பி. இல்லாமல் இரவு விளக்குக்கு இணைப்புக் கொடுப்பது கொலைக்குச் சமம். பிரிட்டனில் கட்டுமான இடத்துக் கைக்கருவிகளுக்கும் விளக்குக்கும் 110 வோல்ட்தான், அதுவும் நிலத்துக்கும் வயருக்கும் இடையே 55 வோல்ட்டைத் தாண்டாத ஏற்பாட்டில். நாம் 230 வோல்ட்டை மழையில் இழுத்துப் போகிறோம். மழை விட்ட இரவில் ஈசல் வரும். வெள்ளை விளக்கைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகப் பறந்து, முகத்தில் மோதி, இறகை உதிர்த்துப் பலகையை வழுக்கலாக்கும். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருக்கிறவர் கண்ணில் விழுந்த ஈசலை எதனால் துடைப்பார்? வேலை நடக்கும் இடத்துக்கு நேர் மேலே விளக்கைக் கட்டாமல் தள்ளிக் கட்டினால் பூச்சியும் தள்ளி நிற்கும். மஞ்சள் சாயல் உள்ள விளக்குக்குக் கூட்டம் குறையும்.

எண்ணும் செலவும்

சட்டம் சும்மா இல்லை. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998-ஆம் ஆண்டு மத்திய விதிகள், வேலை செய்யும் இடத்திலும் நடக்கும் வழியிலும் படிக்கட்டிலும் பாதுகாப்புக்குப் போதுமான வெளிச்சம் வேண்டும், அது தேசியத் தரத்துக்குக் குறையக் கூடாது என்று தெளிவாகக் கூறின. ஜப்பானின் விதி இரண்டு மீட்டருக்கு மேல் எங்கே வேலை நடந்தாலும் அதற்குத் தேவையான வெளிச்சத்தை முதலாளி காக்கவேண்டும் என்று உயரத்தோடு சேர்த்தே பேசுகிறது. அமெரிக்க விதி பொதுக் கட்டுமானப் பகுதிக்கு 54 லக்ஸ், கான்கிரீட் போடும் இடத்துக்கு 32 லக்ஸ் அளவில் குறைந்தபட்சம் வைத்திருக்கிறது. ஐரோப்பியத் தரம் இன்னும் நுணுக்கம்: மண் வேலைக்கு 20, பொதுக் கட்டுமானத்துக்கு 50, கம்பி வேலைக்கும் சென்ட்ரிங்குக்கும் 100, நுட்பமான இணைப்பு வேலைக்கு 200. அதோடு நிற்கவில்லை. கம்பி வேலை நடக்கும் இடத்தில் மிக இருட்டான மூலையில்கூடச் சராசரியின் 40 சதவீதம் இருக்க வேண்டும் என்றும், கண் கூசும் அளவு இன்னதைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது பகுதிதான். சராசரியை வைத்துக்கொண்டு யாரும் நடப்பதில்லை. கால் படும் இடம் ஒன்றுதான்.

செலவு அதிகம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 சதுர மீட்டர் தளம், கம்பி வேலைக்கு 100 லக்ஸ். விளக்கு தரும் மொத்த ஒளியை லூமென் என்பார்கள்; சதுர மீட்டருக்கு ஒரு லூமென் விழுந்தால் ஒரு லக்ஸ். ஆக, தளத்தின் மேல் விழ வேண்டியது 60,000 லூமென். விளக்கிலிருந்து வருவதில் பாதிக்கு மேல் வெளியே சிந்தும், சிமென்ட் தூசியில் போகும் என்று வைத்து, 40 சதவீதம் மட்டுமே பயன்படுவதாகக் கொண்டால் 1,50,000 லூமென் வேண்டும். 200 வாட் எல்.இ.டி. ஒன்று 24,000 லூமென் தரும். ஏழு விளக்கு போதும். மொத்தம் 1,400 வாட். வீட்டுக் குளியலறை கீசர் ஒன்று 2,000 வாட் இழுக்கிறது. முழுத் தளத்தையும் ஐரோப்பியத் தரத்துக்கு ஒளியேற்ற, ஒரு கீசருக்கும் குறைந்த மின்சாரம்தான். ஒற்றை ராட்சத விளக்கைவிட ஏழு சின்ன விளக்கு நிழலையும் குறைக்கும், ஒன்று போனாலும் ஆறு எரியும். ஆக, பணம் தடையில்லை. யாருடைய வேலையும் இல்லாத வேலை என்பதால்தான் நடக்காமல் கிடக்கிறது.

அக்கம்பக்கத்துக்காரர்களின் கோபமும் நியாயமானது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிக்கு 45 டெசிபல்தான் வரம்பு. படுக்கையறைச் சன்னலில் அடிக்கும் ஃபோகஸ் லைட்டும் தூக்கத்தைக் கெடுக்கும். புகார் வந்ததும் சைட்டில் என்ன செய்கிறார்கள்? அந்த விளக்கைத் திருப்பிவிடுகிறார்கள், இல்லை அணைத்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் வேலை மட்டும் தொடர்கிறது. விளக்குக்கு மறைப்புத் தகடு போட்டுக் கீழ்நோக்கிச் சாய்த்தால் அண்டை வீட்டுக்காரருக்கும் நிம்மதி, மேலே இருப்பவருக்கும் கண் கூசாது. ஒரே வேலையில் இரண்டு பயன் இருந்தும் செய்ய ஆளில்லை, காரணம் முன்பு சொன்னதுதான்.

ஆளை நியமிப்பது எப்படி? இரவு வேலைக்கான அனுமதிச் சீட்டு ஏற்கெனவே இருக்கிறது. அதில் நான்கு கட்டங்கள் சேர்த்தால் போதும். வேலை நடக்கும் இடத்தில் எத்தனை லக்ஸ், படுக்கையாகவும் நிமிர்த்தியும் அளந்தது. மிக இருட்டான மூலையில் எத்தனை. கரண்ட் போனால் எரியும் விளக்கு சோதித்த நேரம். அளந்தவர் கையெழுத்து. லக்ஸ் மீட்டர் சில ஆயிரம் ரூபாய். மாலை ஆறு மணிக்கு அல்ல, நன்றாக இருட்டிய பிறகு எட்டு மணிக்கு ஒரு முறையும், இடம் மாறும்போதெல்லாம் ஒரு முறையும் அளக்க வேண்டும். எண் குறைந்தால் அந்தப் பக்கத்துச் சாரத்தில் சிவப்பு அட்டை. இருட்டாக இருக்கிறது, ஏறமாட்டேன் என்று சொல்கிற தொழிலாளியின் அன்றைய கூலி குறையக் கூடாது என்பதையும் அதே தாளில் அச்சடிக்க வேண்டும். இது இல்லாமல் மற்ற நான்கும் வீண். ஊர்விட்டு ஊர் வந்து, கேம்ப் தகரக் கொட்டகையில் தங்கி, மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறவர் வாயைத் திறக்கமாட்டார். மேலே ஏறுவார்.

இரவு வேலை இனிக் குறையப் போவதில்லை. வெயிலால் வேலை இரவுக்கு நகர்வது வளைகுடாவில் எப்போதோ நடந்துவிட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. கத்தாரில் 2021 முதல் காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்றரை வரை. 828 மீட்டர் உயர புர்ஜ் கலீபாவுக்குக் கோடை மாதங்களில் ஐஸ் சேர்த்த கலவையை இரவில்தான் ஊற்றினார்கள். அங்கே நைட் ஷிஃப்ட் பார்த்த நம் ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பகல் வெயிலிலிருந்து தொழிலாளியைக் காப்பாற்ற வேலையை இரவுக்குத் தள்ளுவது சரியான முடிவுதான். தள்ளிவிட்டு இருட்டில் விட்டால் ஒரு ஆபத்திலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டதாகும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றின் கீழ் விதிகளும் தரங்களும் புதிதாக எழுதப்படுகின்றன. போதுமான வெளிச்சம் என்ற பொதுச்சொல்லை விட்டுவிட்டு, எண்ணையும் அளக்கும் முறையையும் அளப்பவர் யார் என்பதையும் அதில் எழுத இதுவே சமயம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். மெட்ரோ, நெடுஞ்சாலை, வீட்டுவசதி வாரியம் என்று தமிழ்நாட்டின் பெரிய கட்டுமானங்களுக்குப் பணம் கொடுப்பது அரசுதான். தற்காலிக விளக்குச் செலவு பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் பொதுச் செலவுக்குள் அடங்கிவிடுவதால், மிச்சம் பிடிக்கும் முதல் இடமாக அது ஆகிறது. அடுத்த டெண்டரில் இரவு வேலைக்கான வெளிச்சம் என்று தனி இனம் வைத்து, அளந்து காட்டிய இரவுகளுக்கு மட்டும் பணம் என்று எழுதினால், மறுநாளே எல்லா சைட்டிலும் லக்ஸ் மீட்டர் வாங்கிவிடுவார்கள்.